எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. படிப்பு: ப்ளஸ் டூ முடித்தவர்களும் பெற்றோர்களும் கேட்கும் கேள்விகள்

ப்ளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து என் போன் ஓயாது. சொந்தக்காரர், பக்கத்துத் தெருக்காரர், எப்போதோ எக்ஸ்ரே எடுக்க வந்து நம்பர் வாங்கிப்போனவர் என்று ஆளாளுக்கு அழைப்பார்கள். "பயாலஜி குரூப், எம்.பி.பி.எஸ். கிடைக்காது போலிருக்கு, இந்த ஸ்கேன் படிப்பு எப்படிப்பா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். இருபது வருடத்துக்கு மேல் இந்த அறைகளுக்குள் இருக்கிறேன், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். வருடா வருடம் அதே கேள்விகள் வருவதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். தமிழ்நாட்டில் படிக்க நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

இதைப் படித்தால் ரேடியாலஜிஸ்ட் ஆகலாமா?

ஆக முடியாது. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சில தனியார் நிறுவனங்களின் விளம்பரம் வேண்டுமென்றே குழப்புகிறது. ரேடியாலஜிஸ்ட் என்பவர் டாக்டர். எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் ரேடியாலஜியில் எம்.டி. அல்லது டி.எம்.ஆர்.டி. என்ற டிப்ளமோ படித்தவர். படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது அவர் வேலை. அந்தப் படத்தை எடுப்பவர் ரேடியோகிராஃபர், இப்போதைய பெயரில் ரேடியாலஜி அண்டு இமேஜிங் டெக்னாலஜிஸ்ட். நோயாளிகள் எங்களை "எக்ஸ்ரேக்காரர்" என்பார்கள், நர்சுகள் "டெக்னீஷியன் சார்" என்பார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் வேலை ஒன்றுதான்.

என்னென்ன படிப்பு இருக்கிறது? பட்டமா, டிப்ளமோவா?

பட்டப்படிப்பு என்றால் பி.எஸ்சி. ரேடியோகிராஃபி அண்டு இமேஜிங் டெக்னாலஜி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது மூன்று வருடப் படிப்பும் ஒரு வருடக் கட்டாயப் பயிற்சியுமாக நடந்துவந்திருக்கிறது. டிப்ளமோ இரண்டு வருடம். அதற்கும் முந்தைய சி.ஆர்.ஏ. சான்றிதழ் படித்த அண்ணன்மார்கள் அரசு மருத்துவமனைகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஃபிலிம் கழுவிய டார்க் ரூம் கதை கேளுங்கள், பொழுது போவதே தெரியாது.

என் கருத்து: குடும்பச் சூழ்நிலை இடம் கொடுத்தால் பட்டத்துக்கே போங்கள். 2021-இல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து ஒரு தேசிய ஆணையத்துக்கு வழி செய்தது. டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் இருப்பதுபோல நமக்கும் பதிவேடு வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்தச் சட்டம் இரண்டு படி வகுத்திருக்கிறது. பட்டம் படித்து, 3 முதல் 6 வருடத்துக்குள் குறைந்தது 3,600 மணி நேரம் முடித்தவர்கள் ஒரு வகை. 2 முதல் 4 வருடத்துக்குள் குறைந்தது 2,000 மணி நேரம் முடித்தவர்கள் இன்னொரு வகை. அதற்கும் கீழே, 'ஆறே மாதத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியன்' என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருப்பதெல்லாம் இந்தக் கணக்கிலேயே வராது. ஆணையம் பாடத்திட்டங்களை மாற்றிக்கொண்டு வருவதால், படிப்பின் பெயரையும் கால அளவையும் நீங்கள் சேரும் வருடத்து விவரக் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ப்ளஸ் டூவில் என்ன பாடம் வேண்டும்? நீட் எழுத வேண்டுமா?

இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் படித்திருந்தாலும் சரி. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டே இடம் கொடுத்து வந்திருக்கிறார்கள், நீட் கேட்டதில்லை. ஜிப்மர், எய்ம்ஸ் போன்ற மத்திய அரசு நிறுவனங்களின் சேர்க்கை முறை தனி, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யும் அப்படித்தான்.

பாடம் பற்றி இன்னொன்று. இது உயிரியல் பிள்ளைகளின் படிப்பு என்று நினைத்து வருகிறார்கள். உள்ளே வந்ததும் பாதிப் பாடம் இயற்பியலாக இருப்பதைப் பார்த்து முகம் வாடிவிடும். எக்ஸ்ரே குழாய், டிரான்ஸ்ஃபார்மர், காந்தப்புலம், ஒலி அலை என்று எல்லாம் இயற்பியல்தான். ப்ளஸ் டூ இயற்பியல் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

எந்தக் கல்லூரி நல்லது?

பெயர் சொல்லித் தரம் பிரிக்க நான் ஆளில்லை. அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள் என்று மட்டும் சொல்வேன். காரணம், கூட்டம். சென்னை அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் பார்னார்டு கதிரியக்க நிறுவனம் 1934-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு அதுதான் தாய்வீடு. அதுபோன்ற இடத்தில் ஒரு காலைப்பொழுதில் நீங்கள் பார்க்கும் எலும்பு முறிவுகளை, சின்ன ஊர்த் தனியார் கல்லூரி மாணவர் ஒரு மாதத்தில்கூடப் பார்க்க மாட்டார்.

தனியார் கல்லூரி என்றால், கட்டடத்தையும் கல்லூரிப் பேருந்தையும் பார்த்து மயங்காமல் நேரில் போய் மூன்று விஷயம் கேளுங்கள். பயிற்சி எந்த மருத்துவமனையில்? அங்கே சி.டி., எம்.ஆர்.ஐ. சொந்தமாக இருக்கிறதா, வெளி ஆளிடம் குத்தகைக்கு விட்டிருக்கிறார்களா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? குத்தகைக்கு விட்ட இடமாக இருந்தால் மாணவரை மெஷின் பக்கமே அண்ட விடமாட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். முடிந்தால் மூன்றாம் வருட மாணவர் ஒருவரை டீக்கடையில் பிடித்துப் பேசுங்கள். அலுவலகத்தில் சொல்லாதது அங்கே தெரிந்துவிடும்.

எக்ஸ்ரே பழைய சமாச்சாரம்தானே? நேராக சி.டி., எம்.ஆர்.ஐ. கற்றுக்கொள்ள முடியாதா?

புது மாணவர் எல்லோரும் கேட்பது இது. சி.டி. அறையில் ஏ.சி. இருக்கும், கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரலாம். எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். ஆசை எங்கே போகும் என்று தெரியாதா?

ஆனால் கையும் கண்ணும் பழகுவது எக்ஸ்ரேயில்தான். சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயையே எடுத்துக்கொள்ளுங்கள். "நெஞ்சை ஒட்டி நில்லுங்க, மூச்சை இழுங்க, முடிஞ்சது" என்று ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைப்பீர்கள். அந்த ஒரு நிமிடத்துக்குள் என்ன நடக்கிறது பாருங்கள்.

நோயாளியின் நெஞ்சு படம் பதியும் டிடெக்டர் பக்கம், முதுகு கதிர் வரும் குழாயின் பக்கம். இதயம் முன்பக்கம் இருப்பதால், நெஞ்சு டிடெக்டரை ஒட்டினால்தான் இதயத்தின் நிழல் உள்ளபடி விழும். குழாய் 180 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், கிட்டே வந்தால் நிழல் பெருக்கும். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்குப் போர்ட்டபிள் என்னும் தள்ளு மெஷினில் முன்பக்கமிருந்து எடுக்கும்போது இதயம் பெரிதாகத் தெரிவது இதனால்தான். தாடையை மேலே தூக்கச் சொல்ல வேண்டும். கையை இடுப்பில் வைத்து முழங்கைகளை முன்னால் தள்ளச் சொல்ல வேண்டும், அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காமல் விலகும். பிறகு மூச்சு. முழுதாக இழுத்தால் பின் விலா எலும்புகள் ஒன்பது பத்து எண்ண முடியும். அரைகுறையாக இழுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, இல்லாத நிமோனியா இருப்பதுபோலத் தோன்றும்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கும். இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் பயிற்சியில் இருந்தபோது கல்லூரிப் பெண் ஒருத்திக்கு நெஞ்சுப் படம் எடுத்தேன். இருமல் என்று வந்திருந்தாள். வலது நுரையீரலின் உச்சியில் கயிறு திரித்தாற்போல ஒரு நிழல். காசநோய் அந்த இடத்தைத்தான் முதலில் பிடிக்கும் என்பதால் ஜூனியர் டாக்டர் சளிப் பரிசோதனைக்கு எழுதிவிட்டார். அந்தப் பெண்ணின் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த எங்கள் சீனியர் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சடையைத் தூக்கிக் கட்டினியாடா?" கட்டவில்லை. எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய சடை தோள் வழியாக முன்னால் விழுந்திருந்தது, நான் கவனிக்கவே இல்லை. கொண்டை போட்டு மறுபடி எடுத்ததும் நிழலைக் காணோம். அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னது நான்தான். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

சி.டி.யில் இந்தக் கவனம் வேறு வடிவில் தேவைப்படும். உறுப்புகளைத் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில் போடும் ஸ்கேன் என்றால், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் எவ்வளவு, முன்பு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா என்று கேட்க வேண்டும். கையில் குத்தி வைத்திருக்கும் வென்ஃப்ளான் ஊசி ஒழுங்காக ரத்தக்குழாய்க்குள் இருக்கிறதா என்று சலைன் விட்டுப் பார்க்க வேண்டும். இன்ஜெக்டர் ஒரு வினாடிக்கு மூன்று நான்கு மில்லி வேகத்தில் மருந்தைத் தள்ளும்போது ஊசி நழுவியிருந்தால் கை பந்துபோல வீங்கிவிடும். அப்புறம் மூச்சு. மெஷினில் பதிந்துவரும் குரல் ஆங்கிலத்தில் "ப்ரீத் இன்" என்றால் உசிலம்பட்டிப் பாட்டிக்கு என்ன புரியும்? பல இடங்களில் டெக்னாலஜிஸ்டே தன் குரலில் "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே நிறுத்துங்க... விடுங்க" என்று பதிந்து வைத்திருப்பார். வேலையை விட்டு அவர் போன பிறகும் அந்தக் குரல் மெஷினில் பேசிக்கொண்டிருக்கும்.

கதிர்வீச்சு ஆபத்தில்லையா? முடி கொட்டுமாமே?

முடி கொட்டாது. எனக்குக் கொட்டியது வயதாலும் அப்பா வழியாலும்.

பயப்பட வேண்டிய விஷயந்தான், ஆனால் அளந்து பயப்பட வேண்டும். கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறோம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மூச்சுக்காற்றிலிருந்தும் மனிதருக்கு இயற்கையாகவே வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் சேர்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் மோனசைட் மணல் இருப்பதால் அங்கே இன்னும் கூடுதல். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் நோயாளிக்குக் கிடைப்பது 0.1-க்கும் குறைவு. நெஞ்சு சி.டி. என்றால் ஐந்து, ஆறு, ஏழு என்று போகும்.

இது நோயாளியின் கணக்கு. நமக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏ.இ.ஆர்.பி., வரம்பு வைத்திருக்கிறது. ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. முறையாக வேலை செய்யும் எக்ஸ்ரே, சி.டி. ஆட்களுக்குச் சேரும் அளவு இந்த வரம்பின் பக்கத்தில்கூட வராது. என் அளவு அறிக்கையில் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும்.

காப்பாற்றுபவை மூன்று: நேரம், தூரம், தடுப்பு. இதில் தூரம்தான் பைசா செலவில்லாதது. ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்குத் தள்ளி நின்றால் பாதியாகும் என்று நினைப்பீர்கள், உண்மையில் கால்வாசியாகிவிடும். போர்ட்டபிள் எடுக்கும்போது வயரை முழுதாக இழுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்று அழுத்துங்கள். கதிரைத் தடுக்க உடம்பில் மாட்டும் ஈய ஏப்ரனை மடித்து வைக்காதீர்கள், மடிப்பில் விரிசல் விடும். மாட்டித்தான் வைக்க வேண்டும். குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் நீங்கள் பிடிக்காதீர்கள். தினமும் பிடித்துக்கொண்டிருந்தால் உங்கள் கணக்கு ஏறிக்கொண்டே போகும். கூட வந்தவருக்கு ஏப்ரன் மாட்டிவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள், கர்ப்பிணியாக இருந்தால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.

டி.எல்.டி. பேட்ஜ் என்று ஒன்று கொடுப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போய், எவ்வளவு பட்டிருக்கிறது என்று கணக்கு வரும். நெஞ்சு உயரத்தில், ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். இந்தச் சின்னப் பொருளால் நான் பட்ட பாடு உண்டு. ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தபோது பேட்ஜோடு கோட்டைக் கழற்றி எக்ஸ்ரே அறைக்குள்ளேயே ஆணியில் மாட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். பத்து நாள் அந்தக் கோட்டு கதிர் வாங்கியிருக்கிறது. பிறகு வந்தது விசாரணைக் கடிதம். நான் அந்த நாட்களில் திருவிழாவில் தேர் இழுத்துக்கொண்டிருந்தேன் என்று நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சட்டைப் பையில் மறந்து வாஷிங் மெஷினில் போட்டுத் துவைத்தவர்களும் இருக்கிறார்கள்.

பெண் பிள்ளையை இந்தப் படிப்புக்கு அனுப்பலாமா? கல்யாணம், குழந்தை எல்லாம்...

தாராளமாக. இந்தக் கேள்வியை அப்பாமார் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்பார்கள். இந்த வேலை பார்த்தால் குழந்தை பிறக்காது என்ற பேச்சு ஊரில் இருக்கிறது. ஒழுங்காகப் பாதுகாப்போடு வேலை செய்யும் இடத்தில் நாம் வாங்கும் அளவு, கருத்தரிப்பைப் பாதிக்கும் அளவுக்குப் பல மடங்கு கீழே. எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்தச் சீனியர் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள்.

கர்ப்பம் தரித்தால் கூச்சப்படாமல் உடனே துறைத் தலைவரிடமும் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரிடமும் சொல்ல வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து மீதி மாதங்களில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி டூட்டியை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கேத் லேப், ஃப்ளூரோஸ்கோப்பி போன்ற, தொடர்ந்து கதிர் விட்டுப் பார்க்கும் இடங்களிலிருந்து மாற்றிவிடுவார்கள்.

பெண் டெக்னாலஜிஸ்ட் இல்லாமல், மார்பகத்தைப் படம் எடுக்கும் மேமோகிராம் அறையே நடக்காது. நைட் டூட்டி மட்டும் உண்டு, அதை வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே இல்லையாமே, அப்போது அதுதானே பாதுகாப்பு?

எக்ஸ் கதிர் இல்லை, உண்மை. ஆனால் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பயமான அறை அதுதான். 1.5 டெஸ்லா மெஷினின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு. ஸ்கேன் நடக்காதபோதும் காந்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். ராத்திரி, ஞாயிறு, தீபாவளி எதுவும் அதற்குக் கிடையாது. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் நோயாளிக்குத் துணையாக வந்த 32 வயது இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரைக் கையில் பிடித்தபடி உள்ளே போக, காந்தம் சிலிண்டரோடு அவரை இழுத்துக்கொண்டது. அவர் உயிர் பிழைக்கவில்லை. எம்.ஆர்.ஐ. பயிற்சியின் முதல் பாடமே வாசலில் நிற்பதுதான். உள்ளே யார் போகிறார்கள், என்ன கொண்டு போகிறார்கள் என்று பார்ப்பது.

"மெட்டல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். நம் ஊரில் அப்படிக் கேட்கவே கூடாது. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அரைஞாண் கொடி, தாயத்து, மெட்டி, கொலுசு, ஹேர்பின், ஜாக்கெட் ஊக்கு, பல்செட், காது மெஷின். பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா, உடம்புக்குள் கிளிப், ராடு, பிளேட் ஏதாவது உண்டா, கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டதா என்று அடுத்து. பட்டறையில் வெல்டிங் செய்பவர்களிடம் கடைசிக் கேள்வியை விடவே கூடாது.

தாலி விஷயம் தனி. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் கழுத்து, நெஞ்சு ஸ்கேனில் படத்தைக் கெடுக்கும். அதைவிட முக்கியம், தாலிச் சரட்டில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகள். அவசரத்துக்கு உதவும் என்று நம் அம்மாக்கள் மூன்று நான்கு மாட்டி வைத்திருப்பார்கள், அவை சுத்த இரும்பு. "கழட்டுங்க" என்று வெடுக்கென்று சொன்னால் சில பாட்டிகள் எழுந்து வீட்டுக்கே போய்விடுவார்கள். நான் பார்த்த ஒரு எம்.ஆர்.ஐ. சென்டரில் ரிசப்ஷன் மேசை டிராயரிலேயே மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கி வைத்திருந்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு தாலியைக் கழற்றி மகளிடமோ மருமகளிடமோ கொடுத்துவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்வார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் நாங்கள் செய்யலாமா?

இந்தியாவில் செய்யக் கூடாது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. அந்த மெஷினைத் தகுதியுள்ள, பதிவுபெற்ற டாக்டர்தான் இயக்கலாம். நோயாளியைத் தயார்ப்படுத்துவது, பதிவேடு எழுதுவது போன்றவற்றில் நீங்கள் உதவலாம். "சார் இல்லை, நீயே புரோபை வைத்துப் பாரு" என்று யார் சொன்னாலும் தொடாதீர்கள். மாட்டினால் சிறை வரை போகும். பிரிட்டன், அமெரிக்காவில் சோனோகிராஃபர் என்று தனித் தொழிலே உண்டு, அங்கே கதை வேறு.

நோயாளி "என்ன இருக்கு சார்?" என்று கேட்டால்?

கேட்பார்கள், நிச்சயமாகக் கேட்பார்கள். உங்களுக்கும் தெரிந்திருக்கும். சொல்லக் கூடாது. "டாக்டர் பார்த்துச் சொல்வாருங்க" என்று முகம் மாறாமல் சொல்லப் பழக வேண்டும். வாயைவிட முகத்தை அடக்குவதுதான் கஷ்டம். ஆனால் மூளையில் ரத்தக்கசிவுபோல உயிர் போகும் விஷயம் திரையில் தெரிந்தால் ரிப்போர்ட் வரிசைக்குக் காத்திருக்காமல் உடனே போனை எடுத்து ரேடியாலஜிஸ்டைக் கூப்பிட வேண்டும். அதற்கு என்ன தெரிகிறது என்று உங்களுக்குப் புரிய வேண்டும். "நாங்கள்தான் ரிப்போர்ட் சொல்லப்போவதில்லையே, நோய்களை ஏன் படிக்க வேண்டும்?" என்று கேட்கும் மாணவர்களுக்கும் இதுதான் பதில்.

அரசு வேலை கிடைக்குமா? சம்பளம் எப்படி?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி., ஆள் எடுக்கிறது. அறிவிப்பு வருடா வருடம் வராது, வரும்போது தயாராக இருக்க வேண்டும். ரயில்வே, இ.எஸ்.ஐ., எய்ம்ஸ் போன்றவை தனித்தனியாக எடுக்கும். ஒப்பந்த வேலைகள் அவ்வப்போது மாவட்ட அளவில் வரும்.

தனியாரில் தொடக்கச் சம்பளம் ஏமாற்றமாகத்தான் இருக்கும், மறைக்க விரும்பவில்லை. சின்ன ஸ்கேன் சென்டர்களில் ரிசப்ஷன், பில், ஃபிலிம் பிரிண்ட் எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்டுவார்கள். முதல் இரண்டு வருடம் பணத்தைப் பார்க்காமல் அதிக வகை கேஸ் வரும் மருத்துவமனையைப் பாருங்கள். எம்.ஆர்.ஐ.யும் கார்டியாக் சி.டி.யும் தனியாகச் செய்யத் தெரிந்தவரைப் பெரிய மருத்துவமனைகள் தேடிக் கூப்பிடும்.

வெளிநாடு போகலாமா?

போகலாம், நம் ஆட்கள் நிறையப் பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள். அந்தந்த நாட்டின் உரிமம் வாங்க வேண்டும். சான்றிதழ்கள் உண்மையா என்று டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் மூலம் சரிபார்ப்பார்கள், பிறகு புரோமெட்ரிக் கணினித் தேர்வு. பொதுவாக இரண்டு வருட அனுபவம் எதிர்பார்ப்பார்கள். பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் நீங்கள் படித்த பாடத்திட்டத்தைப் பக்கம் பக்கமாகக் கேட்பார்கள். அமெரிக்காவுக்கு நம் பட்டத்தோடு நேராகப் போவது கடினம், அங்கே பெரும்பாலும் மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

ஒரு நடைமுறை யோசனை: கல்லூரியை விட்டு வரும்போதே முழுப் பாடத்திட்டம், மதிப்பெண் விவரம், பயிற்சி லாக்புக் எல்லாவற்றையும் முத்திரையோடு வாங்கி வைத்துவிடுங்கள். எட்டு வருடம் கழித்துத் துபாயிலிருந்து போன் போட்டால் கல்லூரி ஆபீஸில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஏ.ஐ. வந்துவிட்டதே, இந்த வேலை இருக்குமா?

படம் பார்க்கும் ஏ.ஐ. வந்துவிட்டது, பொய்யில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய் அறிகுறியைத் தேடும் மென்பொருளை 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இலேயே பரிந்துரைத்துவிட்டது. ஆனால் அதற்கும் யாராவது படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். சடையைத் தூக்கிக் கட்டாமல் எடுத்தால் அதுவும் தடுமாறத்தான் செய்யும்.

என் கவலை வேறு இடத்தில். ஃபிலிம் காலத்தில் கதிரைக் கூடுதலாகக் கொடுத்தால் படம் கருத்துப் போகும், எல்லோர் முன்னாலும் திட்டு விழும். டிஜிட்டலில் கம்ப்யூட்டர் சரிசெய்து அழகாகக் காட்டிவிடுகிறது. அதனால் கதிரின் வீரியத்தைக் குறிக்கும் கே.வி.யையும் அதன் அளவைக் குறிக்கும் எம்.ஏ.எஸ்.சையும் யோசித்து வைக்கும் பழக்கம் போய், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வைப்பது வழக்கமாகிவிடுகிறது. டிடெக்டரில் எவ்வளவு கதிர் விழுந்தது என்று காட்ட, படத்தோடு வரும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் எண்ணைப் பாருங்கள். யாரும் உங்களைக் கேட்காத இடத்தில்தான் நோயாளி கூடுதல் கதிர் வாங்குகிறார்.

கேன்சருக்குக் கரண்டு வைப்பதும் இதே படிப்பா?

இல்லை, அது ரேடியோதெரபி டெக்னாலஜி, தனிப் படிப்பு. புற்றுக்குக் கதிர் பாய்ச்சும் லீனியர் ஆக்சிலரேட்டர், கோபால்ட் மெஷின் இரண்டும் அதில் வரும். ஒரே நோயாளியை ஐந்தாறு வாரம் தினமும் பார்க்க வேண்டியிருக்கும், பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிடுவார்கள். அதைத் தாங்கும் மனது உங்களுக்கு உண்டு என்றால் யோசியுங்கள். உடம்புக்குள் கதிரியக்க மருந்து செலுத்திப் பார்க்கும் நியூக்ளியர் மெடிசின் இன்னொரு தனிக் கிளை.

இந்த வேலை யாருக்கு ஒத்துவராது?

மனிதரைத் தொடக் கூச்சப்படுபவர்களுக்கு. விபத்தில் அடிபட்டு ரத்தமும் சேறுமாக வருபவரை இரண்டு பேர் சேர்ந்து மேசைக்கு மாற்ற வேண்டும். உடைந்த இடுப்போடு வரும் தாத்தாவின் வேட்டியை அவர் மானம் போகாமல் விலக்கத் தெரிய வேண்டும். முதுகுவலி இருப்பவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

சரி, சேர்ந்துவிட்டேன். முதல் நாள் என்ன கொண்டு போக?

நாள் முழுக்க நிற்கத் தோதான மூடிய ஷூ. செருப்பு வேண்டாம், படம் பதியும் கேசட் தட்டு காலில் விழுந்தால் தெரியும். சட்டைப்பையில் அடங்கும் நோட்டு ஒன்று, அன்றன்றைக்கு எடுத்த படத்தின் கே.வி., எம்.ஏ.எஸ்., தூரம் மூன்றையும் குறித்துக்கொள்ள. அப்புறம் வலது, இடது என்று காட்ட வைக்கும் ஈய எழுத்துகள், ஆர் ஒன்றும் எல் ஒன்றும், சொந்தமாக வாங்கி உங்கள் பெயரின் முதலெழுத்தைக் கீறி வைத்துக்கொள்ளுங்கள். துறையில் எப்போதும் ஆர் மட்டும்தான் இருக்கும், எல் எங்கே போகிறது என்று இருபது வருடமாக எனக்கும் தெரியவில்லை.